பஞ்ச்சும் தகடும்: ஹெவிவெயிட் வீரர்களின் குத்து வலிமையைக் காலங்களுக்கிடையே ஒப்பிடுதல்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதையொட்டிக் கிருஷ்ணகிரி வரை பரவியிருக்கும் சிறு தொழிற்கூடங்களிலும் ‘பஞ்ச்’ என்ற சொல் தகட்டை வெட்டவோ துளையிடவோ மேலிருந்து இறங்கும் அச்சைக் குறிக்கிறது. அது பொருந்தி அமரும் கீழ் அச்சு ‘டை’ எனப்படுகிறது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உருவாகும் இந்தக் கர்நாடக எல்லைப் பகுதியில் பவர் பிரஸ் எனப்படும் அழுத்து எந்திரத்தை அதன் டன் கணக்கைச் சொல்லி அழைப்பதே வழக்கம். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள மென் எஃகுத் தகட்டில் 10 மில்லிமீட்டர் விட்டத்தில் துளையிட எவ்வளவு விசை வேண்டும் என்பதை, துளையின் சுற்றளவு, தகட்டின் தடிமன், உலோகத்தின் வெட்டு வலிமை ஆகிய மூன்றையும் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். வெட்டு வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டன் என்று கொண்டால் விடை ஏறத்தாழ 11,000 நியூட்டன், அதாவது 1.1 டன் எடை அழுத்துவதற்குச் சமமான விசை. இக்கணக்கில் எந்திரத்தின் கொள்ளளவு எங்குமே வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நூறு டன் பிரஸ்ஸில் ஏற்றினாலும் அந்தத் தகடு 1.1 டன்னைத்தான் கேட்கும். தகடே வைக்காமல் ஓட்டினால் வெட்டு விசை என்று ஒன்று தோன்றவே தோன்றாது. விசை என்பது பஞ்ச்சுக்குள் சேமித்து வைக்கப்பட்ட சரக்கன்று. பஞ்ச்சுக்கும் தகட்டுக்கும் இடையே, தகடு எதிர்க்கும் அளவுக்கு, அந்தக் கணத்தில் பிறப்பது.

குத்துச்சண்டை ஆர்வலர்கள் பல தலைமுறைகளாக எழுப்பிவரும் ஒரு கேள்வியை, அதாவது ஜோ லூயி, ராக்கி மார்சியானோ, ஜார்ஜ் ஃபோர்மேன், மைக் டைசன் போன்ற வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களுள் யாருடைய குத்து வலியது என்ற கேள்வியை, பிரஸ் ஷாப்பின் இந்த எளிய உண்மையிலிருந்து அணுகினால் நெடுநாள் குழப்பங்கள் பல தெளிவாகின்றன. இவ்விவாதங்களில் பெரும்பாலானவை முட்டியைப் பற்றியே பேசுகின்றன. தகட்டைப் பற்றி, அதாவது குத்தை வாங்கிய தலையைப் பற்றிப் பேசுவதில்லை.

குத்தின் விசையை அறிவியல் முறையில் அளந்த ஆய்வுகளுள் 1985ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒன்று இன்றளவும் மேற்கோளாகிறது. அப்போது உலகத் தரவரிசையில் இருந்த பிரிட்டிஷ் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோ, ஊசல்போலத் தொங்கவிடப்பட்ட, மெத்தை போர்த்திய 7 கிலோ இலக்கைக் குத்தினார். முட்டி புறப்பட்டுப் பத்தில் ஒரு விநாடிக்குள், விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கை அடைந்தது. தொட்ட கணத்திலிருந்து 14 மில்லிவிநாடிக்குள் விசை அதன் உச்சமான 4,096 நியூட்டனை எட்டியது. மெத்தை சுற்றிய 6 கிலோ மரச் சுத்தியலை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசியடிப்பதற்கு அது ஒப்பானது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதே குத்து மனிதத் தலையில் விழுந்தால் விசை 6,320 நியூட்டன் வரை போகக்கூடும் என்றும் அவர்கள் கணித்தார்கள். ஒரே மனிதர், ஒரே கை, ஒரே குத்து. இலக்கு மாறியதும் எண் ஒன்றரை மடங்காகிவிட்டது. தகடு மாறினால் டன் மாறும் என்பதை அறிந்த எவருக்கும் இதில் வியப்பில்லை. வியப்புக்குரியது வேறொன்று: மென் எஃகுத் தகட்டில் விரல் நுழையும் அளவு துளையிடத் தேவைப்படும் 11,000 நியூட்டனை இந்த இரண்டு எண்களுமே எட்டவில்லை, எனினும் அதே குத்து ஒரு மனிதனை நினைவிழக்கச் செய்யப் போதுமானது.

அதற்கான காரணம் மூளையின் அமைப்பில் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் மென்மையான திசுவாக அமர்ந்திருக்கும் மூளை நேராகத் தள்ளப்படுவதைக் காட்டிலும், தலை திடீரெனத் திருகப்படும்போது அதிகம் சிதைகிறது. தாடையின் ஓரத்தில் விழும் கொக்கிக் குத்து, நெற்றியில் நேராக விழும் பலமான குத்தைவிடக் கொடியது என்று பயிற்சியாளர்கள் அனுபவத்தால் அறிந்திருந்ததன் பின்னணி இதுவே. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து எடைப் பிரிவுகளைச் சேர்ந்த ஏழு ஒலிம்பிக் வீரர்கள் கார் மோதல் சோதனைகளில் பயன்படும் ஹைபிரிட் 3 என்ற மனித உருப் பொம்மையின் முகத்தில் குத்தினார்கள். வாகனத் தொழில் தன் பயணிகளைக் காக்க உருவாக்கிய கருவி குத்துச்சண்டை ஆய்வுக்கு வந்து சேர்ந்திருப்பதை, வாகனத் தொழிலால் வாழும் ஒரு வட்டாரத்தின் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். அவ்வாய்வில் சராசரி விசை 3,427 நியூட்டன், முட்டியின் சராசரி வேகம் விநாடிக்கு 9.14 மீட்டர், சூப்பர் ஹெவிவெயிட் பிரிவின் சராசரி விசை 4,345 நியூட்டன்.

இந்த ஆய்வின் முதன்மையான பங்களிப்பு ‘பயனுறு நிறை’ என்ற கருத்தைத் தெளிவாக அளந்து காட்டியது. குத்தும்போது வீரரின் உடல் எடை முழுவதும் முட்டியின் பின்னால் வந்து சேர்வதில்லை. மணிக்கட்டு வளைந்தால், முழங்கை தளர்ந்தால், பின்னங்கால் தரையை உந்தத் தவறினால், எடையின் பெரும்பகுதி குத்தோடு சேராமல் பின்தங்கிவிடுகிறது. மோதும் கணத்தில் உண்மையாக வேலை செய்யும் நிறையே பயனுறு நிறை. அவ்வீரர்களுக்கு அது சராசரியாக வெறும் 2.9 கிலோ. எடை கூடிய வீரர்களின் குத்து வலுவாக இருந்ததற்கு அவர்களின் முட்டி வேகமாக வந்தது காரணமாக இல்லை, பயனுறு நிறை அதிகமாக இருந்ததே முதன்மைக் காரணம் என்று ஆய்வு கண்டது. 2000ஆம் ஆண்டின் ஒரு பிரிட்டிஷ் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: பின்கைக் குத்தில் தேர்ந்த வீரர்கள் சராசரியாக 4,800 நியூட்டனும், இடைநிலையினர் 3,722 நியூட்டனும், புதியவர்கள் 2,381 நியூட்டனும் காட்டினார்கள். தேர்ந்த வீரரின் விசை புதியவருடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்றால், குத்து வலிமை பிறவிக் கொடை என்ற பரவலான நம்பிக்கையைச் சற்று மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகு பழைய வீரர்களைப் பற்றி உலவும் எண்களைச் சோதித்துப் பார்க்க முடியும். தோல்வியே காணாமல் 49 போட்டிகளிலும் வென்று, அவற்றுள் 43இல் எதிராளியை வீழ்த்தி ஓய்வுபெற்ற மார்சியானோவின் குத்து 925 அடி-பவுண்டு ஆற்றல் கொண்டது என்று 1963இல் ஓர் அமெரிக்கக் குத்துச்சண்டை இதழில் வந்த செய்தி இன்றும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. அதை மெட்ரிக் அளவுக்கு மாற்றினால் ஏறத்தாழ 1,254 ஜூல். புருனோவின் குத்துக்கு உவமையாகச் சொல்லப்பட்ட 6 கிலோ சுத்தியலின் இயக்க ஆற்றலோ சுமார் 240 ஜூல்தான். மார்சியானோவின் முட்டியும் விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வந்ததாகக் கொண்டால், அந்த ஆற்றலைத் தர ஏறத்தாழ 32 கிலோ பயனுறு நிறை தேவைப்படும். ஏறத்தாழ 84 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிறை ஒற்றை முட்டிக்குப் பின்னால் இறுகி நின்றிருக்க வேண்டும். மாறாக, பயனுறு நிறையை 2.9 கிலோ என்று வைத்துக்கொண்டால், முட்டி மணிக்கு 106 கிலோமீட்டர் வேகத்தில், ஓசூர்–கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையில் விரையும் காரின் வேகத்தில், பறந்திருக்க வேண்டும். இரண்டுமே மனித உடலுக்கு இயலாதவை. மார்சியானோ மாபெரும் குத்துவீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணை அவருடைய புகழுக்குச் சான்றாகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கணினியால் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. மார்சியானோவையும் முகமது அலியையும் மோதவிட்டால் யார் வெல்வார் என்பதை ஒரு கணினியிடம் கேட்டு, இருவரையுமே 1969இல் வளையத்தில் நிற்கவைத்துப் படம் பிடித்து, 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். மார்சியானோ 13ஆம் சுற்றில் வென்றதாக அமெரிக்க ரசிகர்கள் கண்டார்கள். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்துபோன மார்சியானோ அந்த முடிவைப் பார்க்கவில்லை. வெவ்வேறு முடிவுகள் படமாக்கப்பட்டிருந்தன என்பதும், கணினிக்குள் செலுத்தப்பட்ட விவரங்கள் குத்துச்சண்டை எழுத்தாளர்களும் வல்லுநர்களும் அளித்த மதிப்பீடுகள் என்பதும் போதுமான விளக்கம்: கணினி அளந்தது கருத்துகளை.

எஞ்சியிருப்பது நாக் அவுட் எண்ணிக்கை. அமெரிக்க வீரர் டியான்டே வைல்டர் 2020 பிப்ரவரி வரை வென்ற 42 போட்டிகளில் 41ஐ நாக் அவுட்டில் வென்றார். ஜோ லூயி வென்ற 66இல் நாக் அவுட் 52. இதை மட்டும் பார்த்தால் வைல்டர் முந்திவிடுகிறார். ஆனால் 1937 முதல் 1949 வரை பட்டத்தைத் தக்கவைத்து 25 முறை அதைக் காத்து நின்ற லூயியின் எதிராளிகளையும் வைல்டரின் தொடக்ககால எதிராளிகளையும் ஒரே தகடாகக் கருத முடியாது. ‘தி ரிங்’ இதழ் 2003இல் எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்து வெளியிட்ட நூறு வலிய குத்துவீரர்களின் பட்டியலில் முதலிடத்தை லூயிக்கே அளித்தது.

மேலும், நாக் அவுட் என்பதன் பொருளே காலந்தோறும் மாறியிருக்கிறது. 1919 ஜூலை 4 அன்று டொலிடோ நகரில் ஜாக் டெம்ப்சி, தம்மைவிட ஏறத்தாழ 26 கிலோ எடை மிகுந்த ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். விழுந்தவர் எழும்போதே அருகில் நின்று மீண்டும் அடிக்க அன்று தடையில்லை, வீழ்த்தியவர் எட்டத்து மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி பின்னர்தான் உறுதியாக நடைமுறைக்கு வந்தது. 1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்ஃபியாவில், புள்ளிகளில் பின்தங்கியிருந்த மார்சியானோ ஜெர்சி ஜோ வால்காட்டைச் சாய்த்து உலகப் பட்டம் வென்ற அந்த வலக்கைக் குத்து 13ஆம் சுற்றில் விழுந்தது. 1982இல் கொரிய வீரர் கிம் டூக் கூ சண்டைக் காயத்தால் உயிரிழந்த பின், பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டு, 1980களின் இறுதிக்குள் அதுவே பொது நடைமுறையாயிற்று. அந்த விதி 1952இல் இருந்திருந்தால் குத்துச்சண்டை வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற அந்தக் குத்து விழுந்தே இருக்காது. வால்காட் புள்ளிகளில் வென்று சாம்பியனாகவே வீடு திரும்பியிருப்பார்.

கையுறையும் உடல் எடையும் அவ்வாறே மாறிவந்தன. டெம்ப்சி காலத்தில் 5, 6 அவுன்ஸாக இருந்த கையுறை ஃபோர்மேன் காலத்தில் 8 அவுன்ஸாகி, இன்று ஹெவிவெயிட் பிரிவில் 10 அவுன்ஸாக இருக்கிறது. தடித்த கையுறை தாக்குதலைப் பரப்பி மென்மையாக்குகிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது குத்துபவரின் விரலெலும்புகளைக் காப்பதால் அவர் தயக்கமின்றி முழு வலிமையோடு தலையைக் குத்தவும் வழிசெய்கிறது. மார்சியானோவின் 84 கிலோ எடை இன்றைய விதியில் ஹெவிவெயிட் பிரிவுக்கே உரியதன்று, 90.7 கிலோவை மேல் வரம்பாகக் கொண்ட குரூசர்வெயிட் பிரிவில்தான் அவர் சேர்க்கப்படுவார். 2020இல் வைல்டரை வென்ற டைசன் ஃப்யூரியின் எடையோ ஏறத்தாழ 124 கிலோ. பயனுறு நிறை பற்றிய கண்டுபிடிப்பை இங்கே பொருத்தினால், தனிக் குத்தின் உச்ச விசையில் இன்றைய பெருத்த வீரர்களே முன்னிற்பார்கள் என்று எதிர்பார்ப்பதே நியாயம். பழைய வீரர்களின் சிறப்பு, உடல் எடையோடு ஒப்பிட்ட வலிமையிலும் பிந்திய சுற்றுகள் வரை அவ்வலிமை குன்றாமல் நின்றதிலும் தேடப்பட வேண்டும்.

இவற்றையெல்லாம் கடந்து ஒப்பிட ஒரு வழி உண்டு; அதுவும் தொழிற்கூடம் அறிந்த வழியே. துளையின் அளவு சரியா என்று பார்க்க டூல் ரூமில் பிளக் கேஜ் என்ற கருவியை வைத்திருப்பார்கள். அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. இரண்டு வெவ்வேறு எந்திரங்கள் இட்ட துளைகளை ஒரே கேஜால் சோதித்தால் எந்திரங்களை ஒப்பிட்டுவிடலாம். அதுபோல, இரண்டு காலத்து வீரர்களின் குத்தையும் வாங்கிய ஒரு பொது எதிராளி உயிருள்ள கேஜ் ஆகிறார். லாரி ஹோம்ஸ் அத்தகையவர்: 1979 செப்டம்பரில் ஏர்னி ஷேவர்ஸ் அவரை ஏழாம் சுற்றில் வீழ்த்தினார், ஹோம்ஸ் எழுந்து 11ஆம் சுற்றில் வென்றார், 1988 ஜனவரியில் மைக் டைசன் அவரை நான்காம் சுற்றில் முடித்தார். இருவரின் குத்தையும் வாங்கிய ஹோம்ஸ், ஷேவர்ஸின் குத்தே வலியது என்று பலமுறை கூறியிருக்கிறார். அந்தச் சாட்சியத்துக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் கேஜ் தேயும் என்பதை டூல் ரூமில் யாரும் மறப்பதில்லை. ஆயிரக்கணக்கான துளைகளைச் சோதித்த கேஜை மறுபடி அளவு சரிபார்க்காமல் நம்பமாட்டார்கள். ஷேவர்ஸை எதிர்கொண்டபோது ஹோம்ஸுக்கு வயது 29, டைசனை எதிர்கொண்டபோது 38. முடிவுகளை மட்டும் ஒப்பிடுபவர் டைசன் பக்கம் சாய்வார். கேஜின் தேய்மானத்தைக் கணக்கில் கொள்பவர் ஹோம்ஸின் சொல்லை ஏற்பார்.

தேய்மானம் குறைந்த கேஜ் ஜோ ஃபிரேசியர். அலி அவருடன் மூன்று போட்டிகளில் மொத்தம் 41 சுற்றுகள் மோதியும் ஒருமுறைகூட அவரைத் தரையில் சாய்க்கவில்லை. ஃபோர்மேன் 1973 ஜனவரி 22 அன்று கிங்ஸ்டன் நகரில் இரண்டே சுற்றுகளுக்குள் அவரை ஆறு முறை வீழ்த்தினார். ஃபிரேசியர் அப்போது தோல்வி காணாத சாம்பியன். முதல் அலி போட்டி நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இதைவிடத் தெளிவான ஒப்பீடு ஹெவிவெயிட் வரலாற்றில் அரிது. அடுத்த ஆண்டு கின்ஷாசாவில் அதே ஃபோர்மேனின் குத்துகளை அலி கயிற்றில் சாய்ந்தபடி வாங்கிக்கொண்டு எட்டாம் சுற்றில் வென்றது இதற்கு முரணாகத் தோன்றலாம். விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் வருவது கணத்தாக்கு. ஒரே கணத்தாக்கை நீண்ட நேரத்தில் வாங்கினால் உச்ச விசை குறையும். தளர்ந்த கயிறு அலியின் உடலைப் பின்னோக்கி அசையவிட்டு அந்த நேரத்தை நீட்டியது. வாகனத்தில் ஷாக் அப்சார்பர் செய்யும் வேலையை அன்று அந்தக் கயிறு செய்தது. குத்தின் வலிமை அங்கே குறையவில்லை, தகடுதான் நெகிழ்ந்து கொடுத்தது.

தமிழகத்தில் இந்த விவாதத்துக்கு நீண்ட மரபு உண்டு. சார்பட்டா, இடியப்பர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து வடசென்னையில் வளர்ந்த குத்துச்சண்டை, 2021இல் வெளியான ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தால் புதிய தலைமுறைக்கும் அறிமுகமானது. 1980இல் முகமது அலி இந்தியா வந்தபோது டெல்லியில் பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கவுர் சிங்குடனும், சென்னை நேரு விளையாட்டரங்கில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடனும் காட்சிப் போட்டிகளில் ஆடினார். கவுர் சிங் 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார்; அவருக்கு முன் ஹரியானாவின் ஹவா சிங் 1966, 1970 ஆகிய இரு ஆசிய விளையாட்டுகளிலும் அதே தங்கத்தை வென்றிருந்தார். கவுர் சிங்கின் குத்து வலியதா, ஹவா சிங்கின் குத்து வலியதா என்று இன்று கேட்டால் விடை சொல்ல ஒரே ஒரு அளவீடும் கிடையாது. வடசென்னைப் பரம்பரைகளின் வாத்தியார்கள் கண்ணாலும் காதாலும் எடைபோட்டுச் சொன்ன தீர்ப்புகள் அவர்களோடே மறைந்துவருகின்றன. இது வருந்தத்தக்க இழப்பு, தவிர்க்கக்கூடிய இழப்பும்கூட. விசையை மின் குறியாக மாற்றிக் காட்டும் லோட் செல் என்ற உணரி இன்று அரிய பொருளன்று. அதைப் பொருத்தி, 20 டிகிரி செல்சியஸில் காக்கப்படும் அளவியல் அறைகளில் கருவிகளைச் சரிபார்த்துப் பழகிய கைகள் ஓசூரில் ஏராளம். ஒரே நிறையுள்ள, ஒரே முறையில் சரிபார்க்கப்பட்ட இலக்கில் இந்திய வீரர்களின் குத்துகளை இன்றே பதிவுசெய்யத் தொடங்கினால், வரும் தலைமுறை ஊகத்தை நம்ப வேண்டியதில்லை. வீரர்களின் தலை எவ்வளவு வாங்குகிறது என்பதும் அதனோடு தெரியவரும். 1928லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி எழுதி எச்சரித்திருக்கும் நிலையில், அதுவே முதன்மையான பயனாகவும் அமையக்கூடும்.

அளவீடு இல்லாத நிலையில் ஒரு தீர்ப்பு சொல்லியாக வேண்டும் என்றால், இரண்டு காலங்களிலும் சோதிக்கப்பட்ட முட்டிக்கே அதை வழங்குவது முறை. ஃபோர்மேன் 1977இல் வளையத்தை விட்டு விலகி, பத்தாண்டுகள் கழித்துத் திரும்பிவந்தார். தகடுகள் மாறியிருந்தன, கையுறை தடித்திருந்தது, 15 சுற்றுகள் 12 ஆகியிருந்தன, அவருடைய எடையும் ஏறத்தாழ 99 கிலோவிலிருந்து 113 கிலோவாகியிருந்தது. கால்களின் விரைவு போய்விட்டிருந்தது. மாறாமல் வந்தது குத்து ஒன்றே. அவருடைய கடைசிப் பெரும் எதிராளியான மைக்கேல் மூரர் அதற்கு முன்பும் தரையில் விழுந்தவர் என்பதால் அவரைக் குறையற்ற கேஜ் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஃபிரேசியரிலிருந்து மூரர் வரை 21 ஆண்டுகளுக்கு இரு முனைகளிலும் சான்று வைத்திருக்கும் ஹெவிவெயிட் முட்டி வேறொன்று இல்லை. 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகஸில் ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளிப் பட்டியலிலும் ஃபோர்மேன் பின்தங்கியிருந்தார். பத்தாம் சுற்றில், 45 வயதில், அதிக தூரம் பயணிக்காத ஒரு வலக்கைக் குத்தால் மூரரைச் சாய்த்தார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை மூரர் எழவில்லை.